எருமையில் வருகிறவள்

சித்திரை ஒன்று, வெள்ளிக்கிழமை.
கருமாத்தூர் ஆட்கள் பதினேழு பேரை
முகாம் வண்டியில் ஏற்றிவந்து
கட்டுப் பிரிக்க இறக்கிவிட்டேன்.

பிரித்தவள் கம்போடியாக்காரி. பயிற்சிக்கு வந்தவள்.
சொக்குன்தியா என்று அட்டையில் இருக்கிறது.
மதுரை வாய்க்கு முதல் வாரமே சொக்கு.
சொக்கன் ஊரில் இன்னொரு சொக்கு,
யாருக்கும் உறுத்தவில்லை.

அவளுக்கும் இன்றுதான் வருஷப்பிறப்பாம்.
அவள் ஊரில் இந்நேரம்
முகத்தில் தண்ணீரும் மாவும் அடித்து விளையாடுவார்களாம்.
இங்கே அவள் சொல்லிக்கொண்டிருந்தது
"மொகத்துல தண்ணி படக்கூடாது, பத்து நாள்."
பதினேழு தடவை.
தமிழில் முழுசாக வருவது அது ஒன்றுதான்.
ஈரப் பஞ்சால் ஒவ்வொரு கண்ணோரமும் ஒற்றிவிட்டாள்.
பேச்சிக்கண்ணு மட்டும்
"வெளிச்சம் ரொம்ப இருக்கு, கொஞ்சம் அணைங்க" என்றார்.

ஒரு மணிக்கு வண்டிப் பக்கம் வந்து
கைபேசியை நீட்டினாள்: மணல் வேண்டும்.
எவ்வளவு என்றேன்.
ஐந்து மலை.

ஆற்றங்கரை ஊரில் மணல் தேடிப் போனோம்.
வைகையில் அள்ளினால் வழக்கு.
அள்ளத்தான் அங்கே என்ன இருக்கிறது,
அழகருக்குத் திறக்கிற தண்ணீர்கூட இன்னும் வரவில்லை,
கருவேலமும் ஒரு கட்டிலின் கால்களும்.
செல்லூரில் மாடி எழுப்புகிற மேஸ்திரி
எம்-சாண்ட்தான் இருக்கு என்று நாலு சட்டி கொட்டினார்.
எதுக்கு என்றார். சாமிக்கு என்றேன்.
காசு வாங்கவில்லை.

விடுதி மொட்டைமாடி. கால் வைக்க முடியாத சூடு.
எம்-சாண்ட் கூம்பாக நிற்காது.
தெளிப்பாள், தட்டுவாள், சரியும்.
நடுவில் இருப்பது சுமேரு என்றாள்;
அதற்குக் கைபேசி தேவைப்படவில்லை.
நாட்டுப்பழம் ஒரு சீப்பு, தேங்காய், ஒரு முழம் மல்லிகை.
அவர்கள் மணி நாலு, நம் மணி இரண்டரை,
தேவதை இறங்கும் நேரம்.

யார் அந்தத் தேவதை?
கைபேசி ஒரு சொல்லைப் பிடிக்கும், ஒன்றை விடும்.
கிடைத்தவரை இது:
நாலுமுகப் பிரமன் ஒருவன் ஒரு பையனுக்கு விடுகதை போட்டான்.
மனுஷனுக்குத் திரு
காலையில் எங்கே, மதியம் எங்கே, அந்தியில் எங்கே?
சொல்லாவிட்டால் உன் தலை, சொன்னால் என் தலை.
பையன் பனைமரத்தடியில் படுத்துவிட்டான்.
மேலே இரண்டு கழுகு,
நாளைக்கு இவன் கறி என்று பேசிக்கொண்டே
விடையையும் பேசிவிட்டன.

பிரமன் தலை போனது.
கீழே வைத்தால் பூமி எரியும்,
மேலே எறிந்தால் மழை நிற்கும்,
கடலில் போட்டால் கடல் வற்றும்.
இங்கே யாரோ ஆற்றில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றேன்.
கைபேசி அதை எப்படிச் சொன்னதோ,
அவள் சிரிக்கவில்லை.
அவனுக்கு ஏழு பெண்கள்.
வருஷத்துக்கு ஒருத்தி அப்பன் தலையை ஏந்தி வலம் வருவாள்.
வெள்ளிக்கிழமை பிறந்தால்
எருமைமேல் வருகிறவள் முறை.

எனக்குத் திக்கென்றது.
எங்களுக்கு எருமையில் வருகிற ஆள் வேறு.
சொல்லவில்லை.
அவள் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்,
வருவது யாராக இருந்தாலும்.

அப்புறம்தான் விடை.
காலையில் முகத்தில், அதனால் முகம் கழுவுகிறோம்.
மதியம் நெஞ்சில், அதனால் நெஞ்சை நனைக்கிறோம்.
அந்தியில் காலில்.

வாளியில் மிச்சத் தண்ணீரைப் பார்த்தாள்,
என் காலைப் பார்த்தாள். ஊற்றலாமா?
அங்கே அப்பா அம்மாவுக்கு ஊற்றுவதாம்.
எனக்கு நாற்பத்தொன்று,
அவளைவிடப் பன்னிரண்டு மூப்பு, அவ்வளவுதான்.
கிளச் மிதித்து மிதித்துக் குதிகால் வெடித்த கால்.
வேண்டாம்மா என்று செருப்பைத் தேடினேன்.
வாளியை மணல்மேல் கவிழ்த்தாள்.
சுமேரு கொஞ்சம் நின்றது.

ஆட்களைக் கருமாத்தூரில் விட்டுத் திரும்ப ஒன்பது மணி.
தெருக்குழாயில் காலை நீட்டினேன்.
தினமும் ஒரு சொம்பு.
இன்றைக்கு மூன்று.
வெடிப்பில் இறங்கி எரிந்தது.
வீட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டாள்,
அங்க என்ன அவ்வளவு நேரம்.