லென்ஸைப் பார்க்காதே

விடிய விடிய நடக்கும் நாடகத்தை
இரண்டு மணி ஐந்து நிமிடமாக்க
முதலில் கட்டியங்காரனை வெட்டினேன்.
பிறகு, அரசன் உறங்காத ராத்திரியில்
முகவீணை மட்டும் அழுகிற முக்கால் மணி நேரத்தை.
அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஷாட்:
கட்டில் கால். கீழே, கழற்றாத செருப்பு.
தயாரிப்பாளர் அருமை என்றார்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கதை இவ்வளவுதான்.
மூன்று மழைக்கும் உடைந்தது ஏரிக்கரை.
ஊர் திரண்டு அரண்மனை வாசலில் நின்றது,
மண் ஓர் உயிர் கேட்கிறது என்றது.
அரசனுக்கு ஒரே மகள்.
கரை நின்றது. அரசன் நிற்கவில்லை.

போச்சம்பள்ளிக்குத் தெற்கே ஓர் ஏரி பிடித்தோம்.
தண்ணீர் இல்லை;
கம்ப்யூட்டரில் ஊற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
ஹாரன் அடிக்கும்போதெல்லாம்
ஒலிப்பதிவாளர் வானத்தைப் பார்த்தார்.
மகளாக சுவர்ணா,
ஓசூரில் ரோஜா ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.

மேடையில் பத்தொன்பது வருஷம்
அந்த மகளாய்ச் செத்தவர் திம்மராயன்.
காவேரிப்பட்டணத்தில் பஞ்சர் கடை.
இந்த மாதம் ஆட்டம் இல்லை, மீசை விட்டிருந்தார்.
வசனம் சரிபார்க்க
குடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
நாளுக்கு ஆயிரத்து இருநூறு.

அறுபத்தோராம் காட்சி.
பள்ளத்தில் இறங்குகிறாள், அப்பாவைப் பார்க்கிறாள்.
ஆறு டேக்.
மேகம் ஒருமுறை, ஃபோகஸ் இருமுறை,
யாருடைய செல்போனோ ஒருமுறை,
மற்ற இரண்டும் ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

திம்மராயன் எழுந்து வந்தார்.
"சார், இவ எதுக்கு அப்பனப் பாக்கறா?"

அவன்தானே கொல்கிறான்?

"அவனா கேட்டான்? தண்ணி யாருக்கு?
நான் எறங்கறப்ப ஜனத்தத்தான் பாப்பேன்.
பாய் போட்டு உக்காந்திருக்குமே,
கடலை தின்னுக்கிட்டு, கொழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டு,
ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பேன்.
சில ஊர்ல எழுந்து போயிருவாங்க.
சில ஊர்ல காசு வெச்சுக் கும்புடுவாங்க.
ரெண்டும் ஒண்ணுதான்."

சினிமாவில் அது முடியாது என்றேன்.
லென்ஸைப் பார்த்தால் கதை கலைந்துவிடும்.
கூட்டத்தில் நிற்க வருகிறவர்களுக்கு
சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் முன்பே சொல்கிற விதி.
ஆயிரம் பேரில் ஒருவன் பார்த்தாலும் ஷாட் பாழ்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.
"அப்ப அவங்கள யாருமே பாக்க மாட்டீங்க."
போய் உட்கார்ந்தார்.

ஏழாவது டேக்.
நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.
நான் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம்,
அவர் சொன்னதாக நான்.
மண் முழங்காலுக்கு ஏறியபோது
அப்பாவிடமிருந்து கழுத்தைத் திருப்பினாள்
நேராக,
அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கிணற்றுக்குள்.
கட் சொல்லத் திறந்த வாய்
திறந்தபடியே இருந்தது.

இருபத்தாறு ஃப்ரேம்.
ஒரு விநாடிக்குச் சற்று மேல்.
தவறு போலத் தெரியும் என்றார் எடிட்டர்.
ஒருநாள் வெட்டினேன். மறுநாள் ஒட்டினேன்.
அதற்குள் ஏரி நிரம்பி வந்திருந்தது,
அலைகூட அடித்தது,
அவ்வளவு அழகாய், அவ்வளவு சுத்தமாய்.

கிருஷ்ணகிரி. முதல் நாள், மதியக் காட்சி, பாதி அரங்கு.
நான் திரைக்கு முதுகைக் காட்டி
ஓரச் சுவரில் சாய்ந்து நின்றேன்.
அவள் திரும்பியது
முகங்களின் மேல் வெளிச்சம் மாறியதில் தெரிந்தது.
யாரும் எழவில்லை. யாரும் கும்பிடவில்லை.
இருவர் போனில் இருந்தார்கள்.

நான்காம் வரிசையில்
அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர்
பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார்.
மூடியைத் தேடினார். மடியில், காலடியில்.
இருட்டில் கிடைக்கவில்லை.
படம் முடியும்வரை
ஒரு சொட்டும் சிந்திவிடாமல்
அதைக் கையில் நேராகப் பிடித்துக்கொண்டே
உட்கார்ந்திருந்தார்.