மாதிரி எண் பதினேழு

பிடரியில், தோலை ஒட்டி வெட்ட வேண்டும்.
பென்சில் தடிமன் போதும்.
வேர்ப்பக்கம் எதுவென்று நூல் கட்டி
காகித உறையில் போட வேண்டும்.
ஒரு சென்டிமீட்டர், ஒரு மாதம்.
பயிற்சியில் அவ்வளவுதான் சொன்னார்கள்.
அன்றிலிருந்து பஸ்ஸில் முன்சீட்டுப் பின்னலைப் பார்த்தால்
ஆறு வருஷம் தொங்குகிறது, ஏழு வருஷம் தொங்குகிறது
என்று கணக்கு ஓடும் எனக்கு.

மஞ்சு இறங்காத நாளாகப் பார்த்து
மேட்டில் தொடங்கினேன்.
மாதிரி எண் ஒன்று, பிரமீளா.
நாற்காலி போட்டார், ஏலக்காய் டீ கொடுத்தார்,
"வெட்டினது தெரியாம வெட்டும்மா" என்றார்.
மூடிக்கிடக்கும் கம்பெனியின் தகரக்கூரை
அவர் சன்னலுக்கு நேர் கீழே, சோலைக்கு நடுவில்.
மழைத்தண்ணீர் அங்கிருந்து கீழேதான் போகிறது.

படிவத்தில் நாலாவது கேள்வி:
வாரத்துக்கு எத்தனை நாள் மீன்?
மூணு நாள், என்றார். வஞ்சிரம்.

நடுச்சரிவில் லைன் வீடுகள்.
சவேரியாயியின் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் உள்ளே.
அவருக்கு வருஷா வருஷம் மூத்திரம் பிடித்தார்கள்,
கையெழுத்து வாங்கினார்கள், ஃபைல் இருந்தது.
அவர் சட்டையைத் துவைத்தவளுக்கு எது ஃபைல்?
"வாளி அடியில உருளும் அக்கா, வெள்ளி மணியாட்டம்.
பிள்ளைக தீப்பெட்டியில புடிச்சு வச்சிருக்கும்.
தொட்டா ரெண்டாப் போகும்,
திரும்ப ஒண்ணாச் சேரும்.
நல்லாத்தான் இருந்துச்சு பாக்க."
மீன்?
"எழுதிக்க, மாசத்துக்கு ஒருக்கா கருவாடு.
வத்தலக்குண்டு கருவாடு."

ஓடை முட்டும் இடத்தில் காயலான் கடை.
உடைந்த கண்ணாடிக்குழல்கள் கிலோக் கணக்கில்
அங்கேதான் வந்தன.
சாக்கில் கட்டி, தலையில் ஏற்றி,
கொட்டி, உட்கார்ந்து, விரலால் பிரித்தது
குருவாத்தாள்.
கம்பெனிப் பேரேட்டில் அவள் பெயர் கிடையாது.
கம்பெனி அவளுக்குக் கூலி கொடுத்ததில்லை,
கடைக்காரன் கொடுத்தான், சனிக்கிழமை, பாதி.

உறையில் முன்னாலேயே எழுதிவிட்டேன்:
17. கு. வயது 41.
துண்டை அவிழ்த்தாள்.
மொட்டை.
சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"செவ்வாக்கெழமை பழனிக்குப் போனேன்.
கை நடுக்கம் நின்னா முடி தாரேன்னு வேண்டியிருந்தேன்.
நிக்கல.
சரி, முதல்ல குடுத்துருவோம், பெறகு அவன் பாத்துக்கட்டும்னு..."
எனக்குத் தண்ணீர் மொண்டு தந்தாள்.
டம்ளர் சொம்பில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது.
நான் கையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன்.
"முடியில என்னம்மா இருக்கும்?"
சொன்னேன்.
"அடக் கடவுளே. அம்புட்டையும் அவன் தலையிலயா கட்டினேன்?"
வெகுநேரம் சிரித்தாள்.

போனில் கேட்டேன். மேலிடத்தில் சொன்னார்கள்:
முடி இல்லாவிட்டால் விடு, கோடு போடு.
நகம் எடுக்கலாமா என்றேன்.
நகத்துக்குப் படிவம் இல்லை என்றார்கள்.

அறிக்கை வந்தபோது
முப்பது பெண்களையும் கூட்டி வகுத்திருந்தார்கள்.
மேடும் பள்ளமும் சேர்ந்து
ஒரு சமவெளி எண் வந்திருந்தது.
கவலைப்படும்படி இல்லை.
சற்றுக் கூடியிருந்தவர்களுக்கு அடிக்குறிப்பு:
மீன் உணவு காரணமாக இருக்கலாம்.
பதினேழாம் வரிசையில் சிறு கோடு.

இடுப்புக்குக் கீழே வந்த முடி அது, என்று சவேரியாயி சொன்னாள்.
ஏழு வருஷம்.
கோயிலில் மூட்டை கட்டி ஏலம் விடுவார்கள்,
அலசுவார்கள், சிக்கெடுப்பார்கள்,
கப்பலேற்றுவார்கள்.
எந்த ஊரிலோ ஒருத்தி கண்ணாடி முன் நின்று
அந்த ஏழு வருஷத்தைச் சீவிக்கொண்டிருக்கலாம்.

நேற்று ராத்திரி போன் வந்தது.
"பொண்ணே, ரெண்டு வெரக்கடை வளந்திருச்சு.
வர்றியா?"

திட்டம் பங்குனியோடு முடிந்துவிட்டது.
சோதனைச்சாலைக்குப் பணம் கட்ட ஆளில்லை.
கத்தரியை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
உறையும் இருக்கிறது, பையில், மடங்காமல்.
பெருமாள்மலைக்கு முதல் வண்டி
ஐந்தே முக்காலுக்கு.