பின்கதவால் இறங்கும்போது

ஸ்காபரோவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள்
சாரதிக்கு நன்றி சொல்கிறார்கள்.
வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பு.
காசு கொடுத்து ஏறினோம், அவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்,
இதில் என்ன நன்றி என்று கோகுலனிடம் கேட்டேன்.
"பழகிவிடும்" என்றான்.
எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான்,
குளிருக்கும், கடனுக்கும்.

பழகிவிட்டது.
நேரத்துக்கு வந்த பஸ்ஸுக்கும் சொன்னேன்,
எக்ளிங்டன் தரிப்பில் கால்விரல்களைக் கல்லாக்கிவிட்டு
ஆடி அசைந்து வந்ததற்கும் சொன்னேன்.
பின்கதவில் நின்று முன்பக்கம் பார்த்துக் கூவவேண்டும்.
அவர் திரும்புவதில்லை.
கண்ணாடியில் ஒரு தொப்பியும் பாதி மூக்கும் தெரியும்.
சிலவேளை ஒரு கை எழும்.

கடவுளோடு எனக்கு அப்போது தகராறு ஏதுமில்லை.
நிலக்கீழ் வீட்டில் உடுப்பு அலமாரிதான் சாமியறை.
குளிர்சட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கிப்
பிள்ளையாரை இருத்தியிருந்தோம்.
கர்ப்பூரம் கொளுத்தினால் புகைமணி அலறும்,
மேல்வீட்டுக்காரர் காலால் தட்டுவார்,
ஆகவே பற்றரி விளக்கு.
சுவிட்சைப் போட்டால் சுடர் நடுங்கும், உண்மை மாதிரியே.
கோகுலனுக்கு வேலை நிரந்தரமான நாள் போட்டேன்.
ஸ்கானில் இரண்டு நெஞ்சு துடித்த நாள் போட்டதை
அணைக்கவே மறந்து
பற்றரி தீர்ந்துபோனது.

இருபத்தாறாம் கிழமை
இரண்டு பேரும் அவசரப்பட்டுவிட்டார்கள்.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டி.
பதினோராம் நாள் இரவு
இடப்பக்கப் பெட்டியின் விளக்கை அணைத்தார்கள்.
மரிசெல் என்ற தாதி அவனைச் சுற்றி என் கையில் தந்தாள்.
மடித்த காலுறை அளவு பாரம்.
எங்களிடம் அதுவரை ஒரு பெயர்தான் தயாராக இருந்தது,
அதை அவனுக்குக் கொடுத்தோம்.
வலப்பக்கத்தில் இவள்
குழாய்களுக்கு நடுவே கொட்டாவி விட்டாள்.

"ஒன்றையாவது தந்தானே, நன்றி சொல்லு பிள்ளை"
வந்தவர்கள் எல்லோரும் கணக்கு வாத்தியார்கள்.
எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை.
இருப்பதற்கு நன்றி என்றால்
இல்லாததற்குச் சம்மதம் என்று ஆகிவிடாதா?
அலமாரியைத் திறந்து
குளிர்சட்டைகளை நடுவுக்கு இழுத்துவிட்டேன்.

அவனை மண்ணுக்குக் கொடுத்த மறுநாளும்
இவளுக்குப் பால் கொண்டுபோக வேண்டியிருந்தது.
இரண்டு பேருக்கான பால் சுரந்துகொண்டே இருந்தது,
உடம்புக்கு ஒருவரும் சொல்லவில்லை.
மாசி மாதம். வீதியெல்லாம் கண்ணாடி.
மடியில் போத்தல்கள் ஒன்றோடொன்று இடிபட
ஏற்றத்தில் பஸ் ஒருமுறை பக்கவாட்டில் சறுக்கி,
யாரும் மூச்சுவிடாத கொஞ்ச நேரத்துக்குப் பிறகு
நிமிர்ந்தது.
நான் அழுதுகொண்டிருந்தேன்.
பஸ்ஸில் அழுகிறவர்களை இங்கே யாரும் விசாரிப்பதில்லை,
ஒரு பெடியன் மட்டும் தன் பையை எடுத்து
எனக்குக் கால்நீட்ட இடம் விட்டான்.

ஆஸ்பத்திரித் தரிப்பில் பின்கதவு திறந்தது.
ஒரு காலைப் பனியில் வைத்தபோது
வாய் தன்பாட்டில் சொன்னது,
நன்றி.
தமிழில். அதுவும் உரத்து.
அவருக்கு விளங்கியிராது.
கண்ணாடியில் கை எழுந்ததா என்று
நான் பார்க்கவில்லை, கதவு மூடிவிட்டது.

சறுக்கியதற்கா, சேர்த்ததற்கா,
யாருக்குத்தான் சொன்னேன்,
இன்றைக்கும் தெரியாது.
சமாதானமானேன் என்று சொல்லமாட்டேன்.
அன்றிரவு சட்டைகளை விலக்கிப் பற்றரி மாற்றினேன்,
அவ்வளவுதான்.
ஒன்றும் பேசவில்லை, நானும், அவரும்.

இப்போது சுவிட்ச் ஆரணியின் பொறுப்பு. நாலரை வயது.
கேக்குக்கும் போடுகிறாள், காய்ச்சலுக்கும் போடுகிறாள்.
நேற்றுப் பள்ளிக்கூடத்தில்
கையுறையில் ஒன்று தொலைந்துவிட்டது.
மற்றதைக் கழற்றாமலே வந்து,
கம்பளி விரலால் தட்டித் தடவி,
விளக்கைப் போட்டாள்.