சேச்சே செடி

முதலாவதை நான் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன்.
ஒன்பது ரிங்கிட் தொண்ணூறு,
கேமரன் மலைக் குளிரோடு
பேரங்காடியில் வந்திறங்கிய செடி.
வாடியதே என்று ஊற்றினேன்,
ஊற்றியதால்தான் வாடியது என்று தெரியாமல்
இன்னும் ஊற்றினேன்.
வேர் கறுத்துக் கூழாகி
பழைய காலுறைபோல நாறியது.
இரண்டாவதைக் கொன்றது மழை.
அதில் என் கை இல்லை.

மூன்றாவதற்கு ஆற்றுமணல் பாதி.
அடியில், தீபாவளிக்குப் பிறகு சும்மா கிடந்த
அகல் விளக்குகளை உடைத்துப் போட்டேன்.
ரேலாவ் அடுக்குமாடி, பதினான்காவது தளம்,
கம்பிகளுக்குள் காலை வெயில்
மூன்று மணி நேரம் வந்து போகும் நடைபாதை.
விரலை மண்ணில் இரண்டாம் கணுவரை விட்டு
ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.
கல்நெஞ்சு வேண்டும் இதற்கு.

"கற்பூரவல்லியா?" என்றாள் எதிர்வீட்டு மங்களேஸ்வரி.
இல்லை.
"திருநீற்றுப்பச்சிலை?"
இல்லை.
மக்சிக் ரொஹானி ஓர் இலையை நசுக்கி முகர்ந்து
"மருந்துக்கடை" என்று தீர்ப்புச் சொன்னார்.
சேஜ் என்றேன்.
மங்களேஸ்வரி காதில் அது சேச்சே என்று விழுந்தது.
அன்றிலிருந்து அதுதான் பேர்.

சாம்பல் பூத்த பச்சை இலை.
தொட்டால் பூனை நாக்கு.

எதற்கு இது என்றால்,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சுத்த அறை.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
சிப்புக்கு ஒரு தூசி ஆகாது.
குளிரில் எல்லோரும் தோளைக் குறுக்கும்போது
என் மார்பிலிருந்து ஓர் அடுப்பு மேலேறும்,
கழுத்து, காது, உச்சி.
உடுப்புக்குள் மழை.
கையைத் தூக்கித் துடைக்கவும் முடியாது.
ஐம்பத்தோரு வயது.
லைன் லீடர் ஓய் சியூ லிங்தான்
கேண்டீன் மேசையில் தன் ஃபிளாஸ்கைத் தள்ளினாள்:
"எனக்குக் கேட்டது. உனக்கு எப்படியோ."

பறிக்க முறை இருக்கிறது.
மழை விட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும்.
இலையின் ஈரம் உலர்ந்து, வெயில் ஏறுமுன்.
பச்சைத் தண்டில் வெட்டலாம்,
கட்டையான தண்டில் கத்தரி படக்கூடாது,
பட்ட இடம் பட்டதுதான், துளிர்க்காது.
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆசை ஆகாது.

காயவைப்பதுதான் பினாங்கில் பெரும்பாடு.
சமையலறையில் கொத்தாகத் தொங்கவிட்டேன்,
மூன்றாம் நாள் பூஞ்சை.
சற்குணம் ஒன்றும் சொல்லாமல் தட்டை வாங்கிப்போய்
மைவியின் டாஷ்போர்டில் பழைய நாளிதழ் விரித்துப் பரப்பினார்,
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு.
கார் பார்க் வெயிலில் ஒரே பகல்.
மாலையில் இலை அப்பளமாய் நொறுங்கியது.
மறுநாள் பாலத்தில் நெரிசல்,
ஏசி போட்டதும் கார் முழுக்கச் சேச்சே.
"தைலம் தேய்ச்ச மாதிரி இருக்கு" என்றார்,
அவ்வளவுதான்.
இரவில் என் பக்கத்துப் போர்வை பறக்கும்போது
காற்றாடியை என் பக்கம் திருப்புவதும் அப்படித்தான்.

"இது இங்கே பூக்காதுக்கா,
குளிர்காலம் பார்த்தாத்தான் பூக்கும்" என்றான்
நாற்றுக்கடைப் பையன்.
நல்லது தம்பி, நானும் கடையைச் சாத்தியாச்சு என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
புரிந்தவர்கள் இதில் உவமை தேடவேண்டாம்.
செடி செடிதான்.

கேட்கிறதா என்றால்,
செவ்வாய் கேட்டது.
புதன் கேட்கவில்லை.

நேற்று விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு எழுப்பியது.
கதவைத் திறந்து நடைபாதைக்கு வந்தேன்.
தூரத்தில் விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கியது.
மண்ணில் விரல் விட்டேன். ஈரம்.
எதிர்க்கதவும் திறந்திருந்தது.
கம்பியைப் பிடித்தபடி மங்களேஸ்வரி,
நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது.
கொஞ்ச நேரம் இருவரும் காற்றைப் பார்த்தோம்.
"அந்தச் சேச்சே ரெண்டு இலை கிடைக்குமா?" என்றாள்.
"எனக்கில்ல. அக்காவுக்கு."

அவளுக்கு அக்கா கிடையாது.
இருட்டில் தடவிப் பச்சைத் தண்டு பார்த்து
நான்கு கிள்ளிக் கொடுத்தேன்.