இடது கால், நாற்பத்தைந்தாம் அளவு

லுபான்ஸ் ஏரியைச் சுற்றி மேடே கிடையாது.
இங்கே மலை என்றால் எதிர்க்காற்றுதான்.
விடிந்ததிலிருந்து அதில்தான் ஏறிக்கொண்டிருக்கிறோம்
நானும் இல்வியாவும்.

சரளைச் சாலை
தகரக் கூரையை மல்லாத்திப் போட்டது மாதிரி
மடிப்பு மடிப்பாய்.
பல் கிடுகிடுக்கிறது.
பையில் கம்பு ரொட்டி தானாகவே தூளாகிறது.
ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு
மண் இறுகிக் கிடக்கும்.
அதைப் பிடித்துப் போகத் தெரிந்தவர்கள்
அதிகம் பேசுவதில்லை.

பைன், பைன், பைன்,
யாரோ கதவைத் திறந்ததுபோல் ஓர் ஏரி,
மறுபடி பைன்.

ஏழாவது ஜூன் இது.
முதல் ஐந்து தடவையும் குன்டார்ஸ் முன்னால் போனான்.
காற்று படாமல் அவன் முதுகுக்குப் பின்னே
நாங்கள் இருவரும்.
அவன் என் கணவனாக இருந்தான்.
இல்வியா அவன் தங்கை.
கையெழுத்துப் போட்டு முடித்த வசந்தத்தில்
அவளிடமிருந்து ஒரு வரி வந்தது:
‘டயர் எந்த அகலம் போடப்போகிறாய்?’
நாற்பத்திரண்டு என்று அனுப்பினேன்.
அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு
அவ்வளவுதான்.
நாத்தனார் என்கிற சொல்
எந்த நீதிமன்றத்தில் காலாவதியாகிறது?

வரைபடத்தில் புள்ளிக்கோடாய் இருந்த பாதை
சதுப்புக்குள் பலகை நடையாகத் தொடங்கி
பாதியில் மனம் மாறிவிட்டிருந்தது.
திரும்பினால் இருபத்திரண்டு கிலோமீட்டர்.
தாண்டினால் எண்ணூறு மீட்டர்.
சைக்கிளைத் தோளில் தூக்கினோம்.

இங்கே காலை வைத்தால்
பத்தடி தள்ளி ஒரு மரம் அசைகிறது.
மரம் என்றா சொன்னேன்,
நூறு வயதாகியும் என் இடுப்பைத் தாண்டாத பைன்.
கொசுவுக்குப் போட்டியாக மாட்டு ஈ.
எங்கோ கொக்குகள்
துருப்பிடித்த கீல் மாதிரி கத்தின.

இல்வியா தொடைவரை போனாள்.
‘முதலில் சைக்கிளைப் பிடி’ என்றாள்.
பிடித்தேன்.
என்னுடையதைப் பாசிமேல் படுக்கப்போட்டு
அதன்மேல் நான் படுத்து
அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன்.
கால் வந்தது. ஷூ வரவில்லை.
டிகாஷன் நிறத் தண்ணீரில்
தோள்வரை கைவிட்டுத் துழாவினேன்.
கீழே ஒன்றும் இல்லை,
கீழே என்பதே இல்லை.

சதுப்பு எதையும் அழுகவிடாது என்பார்கள்.
என்றைக்காவது தோண்டப்போகிறவர்கள்
ஒற்றை சைக்கிள் ஷூவை வைத்து
எங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்களோ.
என் மோதிரத்தை நான்
ஏரியிலும் எறியவில்லை, சதுப்பிலும் எறியவில்லை.
அடுக்களை இழுப்பறையில்
ஸ்குரூக்களோடு கிடக்கிறது.

அதற்கப்புறம் காடு முடிந்து
கரிச்சேறு வெட்டும் வயல்.
பழுப்பு, தட்டை, நிழலே இல்லை.
ரொட்டிப் பையை வெறுங்காலில் கட்டிக்கொண்டு
அவள் மிதித்து வந்ததைப் பார்த்து
ஒரு டிராக்டர் நின்றது.
விட்டோல்ட்ஸ் என்று சட்டையில் தைத்திருந்தது.
ஒன்றும் கேட்காமல்
இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினார்:
ரப்பர் பூட்ஸ், இடது கால்,
நாற்பத்தைந்தாம் அளவு.
‘வலது கிழிந்துபோச்சு.
இது ரெண்டு வருஷமாய்ச் சும்மா இருக்கு.’
பிறகு,
‘அக்கா தங்கையா?’

‘ஆமாம்’ என்றாள் அவள்.
‘இல்லை’ என்றேன் நான்,
ஒரே சமயத்தில்.
இரண்டும் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு
எஞ்சினைக் கிளப்பினார்.

காற்று திசை மாறவில்லை.
பத்து நிமிடம் அவள் முன்னால்,
பத்து நிமிடம் நான்.
பெடலில் பூட்ஸ் பளக் பளக் என்று அடித்தது.
இரவு ஒன்பதுக்கும் ஏரிமேல் வெளிச்சம்
போக மனமில்லாமல் நின்றது.

பூட்ஸைத் திருப்பித் தர வேண்டுமா என்று
கேட்க மறந்துவிட்டோம்.
அடுத்த ஜூனில்தான் கேட்கவேண்டும்.