பதினான்காம் நிமிடம்

நாலு தலைமயிரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால்
என்ன உயரமோ
அதுதான் அந்த வாய்க்காலின் ஆழம்.
மேலே கண்ணாடி. கீழே
தண்ணீரை மட்டும் விடும் சவ்வு.
இடையில், கொட்டியாரக் குடாவிலிருந்து
இரண்டு சொட்டு.

நடுவில் ஓட்டம் விரையும்.
சுவரோரம் ஏறக்குறைய நிற்கும்.
குறுக்கே இறங்கும் இன்னொரு நீர்
எல்லாவற்றையும் சவ்வோடு அமத்தும்.
சின்னதுகள் அடங்காது;
துள்ளித் துள்ளி நடுவோட்டத்தைப் பிடித்து
முதலில் வெளியேறும்.
பெரியதுகள் சுவரை அண்டிக் கிடந்து
ஆறுதலாக வரும்.
அரிப்பதில்லை, வடிப்பதில்லை,
ஒன்றையும் உடைப்பதில்லை.
காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"காத்திருக்கிறதுதான் வேலையெண்டா
எனக்குச் சம்பளம் கூட்டோணும்" என்பாள் முனவ்வறா.
பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில்
பாதை இக்கரைக்கு மிதந்துவரும் வரை
நின்று நின்றே
சாதாரண தரத்துக்குப் பாடமாக்கியவள்.

தண்ணீர் அள்ளித் தந்தது லாசரஸ்.
ஏழு கண்ணாடிப் போத்தல்:
மூதூர் இறங்குதுறையில் ஒன்று,
மகாவலி கலங்கி விழும் இடத்தில் மூன்று,
மிச்சம் சீனக்குடாப் பக்கம்.
போத்தல் உருளாமல் கழுத்தோடு கழுத்தாக
நீல நைலோன் கயிற்றால் கட்டியிருந்தான்.
"நாங்கள் தேடுறதே இதைத்தானே!" என்று
முனவ்வறா தலையில் கைவைக்க,
கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தான்,
களவு பிடிபட்டவன்போல.
அவன் வலையும் அதே நீலம்.

மூன்றாம் போத்தல்.
பதினான்காம் நிமிடத்தில் திரையில் ஒரு மேடு,
தனியாக, வடிவாக.
இருநூற்றைம்பது நானோமீற்றர் என்று எழுதி
நாலு மணிக்கே கொழும்புக்கு அனுப்பிவிட்டேன்.
மேடு அவ்வளவு வடிவாக இருந்தது,
சந்தேகப்பட மனம் வரவில்லை.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்பும் வரை
செய்ய ஒன்றுமில்லாமல், மடிக்கணினியில்
ஒளி சிதறிய கோணங்களைப் புரட்டினேன்.
சின்னத் துகள்
எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவாய் ஒளி எறியும்.
பெரியது, முன்னுக்கே கொட்டும்.
என் மேட்டில்
முன்கோணம் மட்டும் வானத்துக்கு ஏறி நின்றது.

படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான்.
ஒரு மைக்ரோனைத் தாண்டினால் ஒழுங்கு தலைகீழாகும்.
எவ்வளவு அமத்தினாலும் பருத்த துகள்
தன் பாதி உடம்பைவிடச் சுவரை நெருங்க முடியாது;
அதன் முதுகு வேகமான நீரில் கிடக்கும்.
பருமனே அதைத் தள்ளிக்கொண்டு வரும்.
ஆகவே ஒரே நிமிடத்தில், ஒரே வாசலால்
மிளகும் தேசிக்காயும்
தோளுரசி வந்திருக்கின்றன.
நான் மிளகை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

"பிழைச்சுப் போச்சு" என்றேன்.
"முதல்ல பெரிசைத் தனிய வடிச்சிட்டு
திரும்ப ஓட்டுவம்" என்றபடி
முனவ்வறா ஏற்கனவே கையுறை போட்டுக்கொண்டிருந்தாள்.

கொழும்புக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன்.
முதல் கடிதம் மூன்று வரி.
இது ஒரு பக்கம் தாண்டியும் முடியவில்லை.

அந்த நேரம் லாசரஸின் அழைப்பு.
பாலையூற்று மாதா கோயில் மணி பின்னால் கேட்டது.
"என்ன மாதிரி, ஏதும் கிடைச்சதோ?"
"கிடைச்சது. ரெண்டு அளவில."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அது... என்ர வலையில இருந்தோ?"

எவ்வளவு பெரிதென்று இந்த இயந்திரம் சொல்லும்.
எந்த நிமிடத்தில், எந்தக் கோணத்தில் என்றும் சொல்லும்.
நைலோனா, பழைய பையா, படகில் உரிந்த பூச்சா
என்று அதற்குத் தெரியாது.
ஆருடையதென்று
அதனிடம் கேட்கவே முடியாது.

"தெரியேல்ல, லாசரஸ்."
"தெரிஞ்சா சொல்லுவீங்கதானே?"

நாலாம் போத்தலை ஏற்றினோம்.
இரண்டு முனையிலிருந்தும் நீர் வந்து
துகள்களை ஒரு மெல்லிய கோட்டில் நிறுத்திப் பிடிக்கும்
அந்த முதல் சில நிமிடங்களில்
திரையில் ஒன்றும் நடப்பதில்லை.
முனவ்வறா கொட்டாவி விட்டாள்.
நான் பதினான்கைப் பார்த்தபடி இருந்தேன்.