மழைக்கு மூன்று கட்டம்

குல் ஜமான் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன்.
ஜுபைல் கேம்ப்பில் மெஸ் பையன்கள் அவனைச் ‘சாமான்’ என்பார்கள்.
வியாழன் இரவு டைம் ஆபீஸ் கதவைத் தட்டி
தீப்பெட்டி அளவில் ஒன்றை மேஜையில் வைத்தான்.
பாட்டுப்பெட்டி. நாலு ஜிபி. ஓரத்தில் இன்சுலேஷன் டேப்.
“கானா பந்த்,” என்றான்.
இந்தி எங்கள் இருவருக்கும் இரவல் சட்டை.
இழுத்து இழுத்துத்தான் போட்டுக்கொள்வோம்.

ஏற்றிக்கொண்டிருந்தபோது யாரோ வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள்.
எழுதுகிற கை பாதியில் நின்றால் என்ன ஆகுமென்று
டைம்கீப்பருக்குத் தெரியாதா?
பாட்டெல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது.
எது எங்கே என்கிற பேரேடு கிழிந்துவிட்டது.

கம்பெனி லேப்டாப்பில் செருகியதும்
ஃபார்மட் செய்யவா என்றது முதல் கேள்வியாக.
எடுத்த எடுப்பில் அழிக்கவா என்று கேட்கிறவர்கள்
எச்.ஆரில் இரண்டு பேர் உண்டு.
வேண்டாம் என்றேன்.

முதலில் ஒரு நகல். அதற்கே நாற்பது நிமிடம்,
இரண்டு சுலைமானி.
பிறகு கருப்புத் திரை கேட்டது:
தொலைந்த சங்கிலிகள் கிடக்கின்றன,
கோப்புகளாக்கவா, ஆமா, இல்லையா?
குல் ஜமான் என் முகத்தைப் பார்த்தான்.
ஆமா தட்டினேன்.

அறுபத்தொன்று வந்தது.
ஒன்றுக்கும் பெயரில்லை.
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று,
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் இரண்டு,
நேற்றிறங்கிய ஆட்களுக்கு பேட்ஜ் மாட்டி
வரிசையில் உட்காரவைத்த மாதிரி.

எனக்குப் பஷ்தோ தெரியாது.
அவனுக்கு எந்த எழுத்தும் தெரியாது.
ஒவ்வொன்றாகப் போட்டேன், மூன்று நொடி போதும் அவனுக்கு.
“இதுல குதிரை வருது.”
குதிரை என்று தமிழில் தட்டினேன்.
“பாலம் உடைஞ்சது.” பாலம்.
“மாமனும் மச்சானும்…” முஷ்டியை மடக்கிக் காட்டினான். சண்டை.
“மழை,” என்றதை மட்டும் முழுக்கக் கேட்டான்.
நானும் கேட்டேன். மழையாகத் தெரியவில்லை.
ரபாபில் ஒரு நரம்பு சற்றே தளர்ந்திருந்தது.

நாற்பத்தேழாவது ஒரு பெண் குரலில் தொடங்கி
பாதி மூச்சில் ஓர் ஆணின் இருமலாகிவிட்டது.
ஒரே மனைக்கு இரண்டு பாட்டும் பட்டா வைத்திருக்கின்றன,
பிரிக்க முடியாது என்பதை
இந்தியில் சொல்ல எனக்கு வரவில்லை.
இரண்டு விரலைப் பின்னிக் காட்டினேன்.
“எது போச்சு?”
“ரெண்டுலயும் பாதி.”
திரும்பப் போடச் சொல்லிக் கேட்டான்.
“இருக்கட்டும். நல்லாத்தான் இருமுறான்.”

பாங்கு சொல்லுமுன் எல்லாவற்றையும் ஏற்றி
இந்த முறை, முறையாக வயரைக் கழற்றினேன்.
பெட்டியை உயிர்ப்பித்தான்.

□□□□□□
□□□□□
□□□□□
□□□

அந்தச் சீனத்து டப்பாவுக்குத் தமிழ் தெரியாது.
இரவு முழுக்கப் பெயர் வைத்தவன் நான்;
காலில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
அவனோ எண்ணத் தொடங்கியிருந்தான்.
குதிரை ஆறு. மழை மூன்று.
பாலமும் சண்டையும் ஐந்தைந்து, அது ஆகாது என்றான்.
மறுபடி செருகி
சண்டையைப் பெருஞ்சண்டை ஆக்கினேன்.
பதினொன்று.
“அச்சா,” என்றான்.

சனிக்கிழமை ஐந்து பத்து, மெயின் கேட்.
சூரியன் வருமுன்னே முப்பத்துநாலு டிகிரி.
டேங்கர் வேகம் குறைத்தது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கை, மூன்று விரல்.

நேரம் எழுதினேன். வண்டி எண் எழுதினேன்.
வருஷக்கணக்காய்க் காலியாகக் கிடக்கிற
குறிப்பு என்கிற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.

திங்களன்று சூப்பர்வைசர் லூர்துசாமி
ரிஜிஸ்டரைத் திருப்பிப் பிடித்துக் கேட்டார்,
“எங்கய்யா பெஞ்சது?”